போனை எடுக்காததற்குக் காரணம்

அன்புள்ள வாத்தியாரே,

போன மாதம் மூன்று முறை கூப்பிட்டாய், மூன்று முறையும் நான் எடுக்கவில்லை. "பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்று என் தங்கையிடம் சொன்னாயாம். கோபப்படாதே. போன் அடித்தது தெரிந்தது, எடுக்கத்தான் பயம். என் காது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, ஆனால் முகம் தெரியாமல் வெறும் குரல் மட்டும் வந்தால் எனக்குப் பாதிகூட விளங்குவதில்லை.

2020 ஏப்ரலில் இங்கே வெளியே போனால் முகக்கவசம் கட்டாயம் என்று ஆனதே, அந்த வாரத்திலிருந்து சிங்கப்பூரே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. கோப்பிக்கடைக்காரர், பஸ் ஓட்டுநர், கீழ்வீட்டு மலாய் அம்மா, எல்லாரும். துணிக்குப் பின்னாலிருந்து பேசினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் மனைவி பேசுவது மட்டும் நன்றாகக் கேட்டது. வீட்டில் அவள் கவசம் போடுவதில்லை அல்லவா. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. பல வருடமாக நான் பாதியைக் கண்ணால்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

விளங்காதபோது என்ன செய்வேன் தெரியுமா? தலையை ஆட்டிச் சிரிப்பேன். பத்தில் ஒன்பது முறை அது போதும். பத்தாவது முறையைச் சொல்கிறேன்.

2021இல் ஒரு நாள் லிப்டில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவர். இருபது வருடப் பழக்கம். இரண்டு வாக்கியம் சொன்னார். கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. கண்கள் சுருங்கி, ஓரத்தில் கோடு விழுந்தது. சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "நல்லது, ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் மாடியில் இறங்கிவிட்டேன். இரவு மனைவிதான் சொன்னாள். அவருடைய அண்ணன் முந்தின நாள் பினாங்கில் தவறிவிட்டார். எல்லை மூடியிருந்ததால் காரியத்துக்குக்கூடப் போக முடியவில்லையாம்.

இதில் கொடுமை, நான் அறியாமல் செய்த தப்பு இல்லை இது, கொஞ்சம் படித்ததால் செய்தது. டூஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதி வைத்திருக்கிறார்: வாய் மட்டும் சிரித்தால் அது ஒப்புக்கு, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கினால்தான் மனதார வந்த சிரிப்பு. அதை எங்கோ படித்துவிட்டு, கண்ணோரக் கோட்டைப் பார்த்தால் போதும் என்று நம்பியிருந்தேன். அழும்போதும் அதே தசைதான் சுருங்குகிறது என்பது மண்டையில் ஏறவில்லை. வாயையும் பார்த்தால்தான் இது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியும். வாயோ துணிக்குப் பின்னால்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை வெளிப்பக்கம் அசைத்தார். போய்க் காட்டு என்று அர்த்தம். அது எனக்குத் தெளிவாக விளங்கியது.

போய்க் காட்டினேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நடுவில் அந்தச் சீனப் பெண், "கேட்கிறதா அங்கிள்?" என்றாள். நான் நம் ஊர்ப் பாணியில் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். அவள் அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டிவிட்டாள். மனைவி உள்ளே வந்து, "அது ஆமா-ன்னு அர்த்தம்மா" என்று மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

வயதானால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் முதலில் போகுமாம். உயிர் நிற்கும், மெய் கரையும். காலா, சாலா, பாலா எல்லாம் எனக்கு "ஆலா". உதட்டைப் பார்த்தால் "பா" மட்டும் பிடிபடும். ஆனால் "ப"வுக்கும் "ம"வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. தேக்கா சந்தையில் மனைவி தூரத்திலிருந்து "மல்லி, மல்லி" என்று காட்ட, நான் பல்லியைத் தேடிச் சுவரைப் பார்த்தேன்.

1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்று இரண்டு பேர் செய்த பரிசோதனை ஒன்று இருக்கிறது. "பா" என்ற ஒலியை ஓடவிட்டு, "கா" என்று சொல்லும் வாயைத் திரையில் காட்டினால், பெரும்பாலானவர்களுக்கு "டா" என்று கேட்கிறது. கண்ணை மூடினால் மறுபடி "பா". நல்ல காது உள்ளவர்களுக்கே இந்தக் கதி. பேரன் போட்டுக் காட்டினான், வீட்டில் எல்லாரும் ஏமாந்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கைச் சாடையிலும் அடி வாங்கினேன். செம்பவாங் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சிலிருந்து முதுகுக்குப் பின்னால் விரல் காட்டி எனக்கு விடை சொல்வாயே, நினைவிருக்கிறதா? (அப்படிப்பட்டவன் வாத்தியார் ஆனதை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.) ஐந்துக்கு மேல் போனால் உனக்கு இரண்டு கையும் வேண்டும். சீனர்கள் ஒரே கையால் பத்து வரை எண்ணிவிடுவார்கள். அது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. மீன் சூப் கடையில், எவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரர் கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டினார். என் போன் அடிக்கிறது என்கிறார் என்று நினைத்துப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன், காதிலும் வைத்தேன். வரிசையே சிரித்தது. ஆறு வெள்ளியாம்.

சமூக மன்றத்தில் ஒரு பேச்சாளர், மனிதப் பேச்சில் 93 சதவீதம் வார்த்தையே இல்லை, உடலும் குரலும்தான் என்று அடித்துச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கணக்கு மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வருவது. சொல் ஒன்று சொல்ல, குரலும் முகமும் வேறொன்று சொன்னால், இவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்றுதான் அதில் பார்த்தார்கள். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது. 93 சதவீதம் உண்மை என்றால் நான் ஏன் காதுக்கருவிக்குக் காசு கொடுக்கிறேன்? இங்கே வசந்தம் டிவியில் வரும் தமிழ்ச் செய்தியைச் சத்தம் இல்லாமல் பார்த்திருக்கிறேன். வாசிக்கும் பெண் கவலையாக இருக்கிறாள் என்பது தெரியும். எதற்குக் கவலை என்பது வார்த்தையில்தான் இருக்கிறது. லிப்டில் நடந்ததற்குப் பிறகு, சாடையை மட்டும் நம்பி நான் எதற்கும் தலையாட்டுவதில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

கருவி மாட்டியும் போன் பேச்சு சரிப்படவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு எட்டு மணிக்கு, உனக்கு ஐந்தரை, வீடியோவில் வா. இரண்டே நிபந்தனை. எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாய், முகம் கறுப்பாகத்தான் தெரியும். இந்தத் தடவை ஜன்னலைப் பார்த்து உட்கார். இன்னொன்று, பொங்கல் படத்தில் பார்த்தேன், அந்த மீசை மேலுதட்டை முழுதாக மூடியிருக்கிறது. கொஞ்சம் கத்தரித்துவிடு. முடியாது என்றால் இப்போதே எழுது, நான் என் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
பின் பெஞ்சுக்காரன்