மகுடம் வாசித்தவர்களின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் சேரன்மகாதேவியில் மைக் செட் நடத்துகிறேன். சுற்றுவட்டாரக் கோயில்களின் கொடைத் திருவிழாக்களில் பெரும்பாலும் என் ஸ்பீக்கர்தான் ஒலிக்கும். வெளியூரிலிருந்து வந்த ஒரு ராக் பேண்ட், தங்கள் புது சிங்கிளுக்கான வீடியோவை இங்கே தாமிரபரணிக் கரையில் எடுத்தது. ஜெனரேட்டரும் மைக்கும் என்னுடையவை. போன வாரம் பாட்டு வெளியாகிவிட்டது.

பாட்டு அருமை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் கிடார் நின்றுபோய், எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தின் தோல் வாத்தியமான மகுடம் இரண்டு மட்டும் பேசுகிற இடம் ஒன்று வருகிறது. உச்ச மகுடம் கேட்கும், மந்த மகுடம் பதில் சொல்லும். அப்புறம் டிரம்ஸ் அந்தத் தாளத்துக்குள்ளேயே வந்து சேரும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. படப்பிடிப்பு அன்றைக்கு ஆற்றங்கரை ஈரத்தில் மகுடத்தின் தோல் தொய்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால், மகுடம் வாசித்த அண்ணாச்சிமார் இருவரும் ஓலையைக் கொளுத்தி மகுடத்தைக் காய்ச்சினார்கள். சூடு இறங்கினால் சுருதியும் இறங்கிவிடும், அதற்குள் வாசித்து முடிக்க வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும் தம்பியும் பொறுமையாகத் தன் ஸ்நேர் டிரம்மை அந்தச் சுருதிக்கு ஏற்ப முறுக்கினான். சுடலைமாடன் கதைக்கு விடிய விடிய வாசிக்கிற அந்த இருவரும் கடைசி டேக் வரை முகம் சுளிக்கவில்லை.

வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரத்தைத் திறந்து பார்த்தேன். ட்ரோன் ஓட்டியவர், வண்ணம் சரிசெய்தவர், மேக்கப், உடை, சாப்பாடு என எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. என் கடைக்குக்கூட நன்றி போட்டிருக்கிறார்கள். மகுடத்துக்கு நேரே ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’, அவ்வளவுதான். அந்த இருவரில் ஒருவர் மாவட்டக் கலை மன்றத்தின் கலை நன்மணி விருது பெற்றவர்!

பேசிய தொகையைக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறையில்லை. பெயர் அதற்கு மேல் தனியாகச் சேர வேண்டியது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 38-பி பிரிவு, வாசித்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பிறகும் அது அவரிடமே இருக்கும். பயன்படுத்தும் விதத்தால் பெயர் சொல்ல முடியாமல் போனால் மட்டும் விலக்கு உண்டு. யூடியூப் விவரத்தில் இரண்டு பெயர் எழுத இடமா இல்லை? 2018-இல் சென்னையில் முதல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவில் கானா பாடகர்களும் பறை வாசிப்பவரும் குழுவின் உறுப்பினர்களாகவே நின்றார்கள்.

கொடைக் காலம் முடிந்தால் மகுடத்துக்கு வேலை குறைந்துவிடும். இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு பேண்ட் மகுடம் வேண்டும் என்று தேடினால், யாரைக் கூப்பிடும்?

திருத்துவதும் எளிது. வீடியோவை நீக்காமலே விவரத்தை மாற்றலாம், பார்த்தவர் எண்ணிக்கை அப்படியே இருக்கும். பாட்டுத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனத்திடமும் வாசித்தவர் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம். பேண்ட் தம்பிகளுக்குப் போன் போட்டேன். “பார்க்கலாம் அண்ணாச்சி” என்றார்கள். இன்னும் மாறவில்லை.

தங்கள் நாளிதழிலும் புதுப் பாட்டு வெளியீட்டுச் செய்திகள் வருகின்றன. அவற்றைப் போடும்போது வாத்தியம் வாசித்தவர்களின் பெயரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால், படப்பிடிப்பு அன்றே பேண்டுகள் அதை எழுதி வைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
மைக் செட் நடத்தும் வாசகர்,
சேரன்மகாதேவி.