குறை சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். இத்தனை வருடங்களில் போட்ட மெட்டுகளையும், எழுதிய கதை கவிதைகளையும் ஒரே இடத்தில் சேர்த்து அடுக்கி முடித்தேன். பாதிக்கு மேல் இன்று கேட்கவோ படிக்கவோ தாங்காது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஓரளவு தேறியவற்றைத் தனியே எடுத்து வைத்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவை ஒவ்வொன்றிலும் இன்னொருவர் கை பட்டிருக்கிறது. "இந்த இடம் சரியில்லை" என்று விரல் வைத்துக் காட்டியவர்களின் கை. பாராட்டியவர்களுக்கு அப்போதைக்கப்போதே நன்றி சொல்லிவிட்டேன். குறை சொன்னவர்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி நிற்கிறது.

முதலில் பாட வந்த அக்காவுக்கு. மெட்டு முன்னால், வார்த்தை பின்னால் என்பதுதான் எப்போதும் என் வழக்கம். மெட்டை 'தன தான' என்று சொல்லிப் பார்க்கும் தத்தகாரத்தை எழுதி வைத்துக்கொண்டு, குறில் நெடில் பார்த்துச் சொற்களை உட்கார வைப்பேன். நீங்கள் தாளை வாங்கி ஒருமுறை முணுமுணுத்துவிட்டு, "இங்கே கார்வை நிக்குது, நீ 'ட்'டுன்னு முடிச்சிருக்கே. அதை எப்படி இழுக்கிறது?" என்று கேட்டீர்கள். கார்வை என்றால் சுரத்தை நீட்டி நிறுத்துவது. யாப்புக் கணக்கு ஒன்று, தொண்டையின் கணக்கு வேறொன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெடில் உயிரிலோ, ம், ன், ல் போன்ற ஒற்றிலோ சுரம் நின்று விளையாடும். க், ட், ப் வந்துவிட்டால் காற்று அடைபட்டு எல்லாம் முடிந்துபோகும். மேல் ஸ்தாயியில் இகரத்தை வைத்தால் வாய் ஒடுங்கும், ஆகாரம் என்றால் தாராளமாகத் திறக்கும். அதற்குப் பிறகு எந்தப் பல்லவியையும் என் கரகரத்த குரலில் நானே பாடிப் பார்க்காமல் உங்களிடம் கொடுத்ததில்லை. வீட்டில் இருப்பவர்கள் அதற்காக உங்கள் மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிருதங்கம் வாசித்த அண்ணனுக்கு. அண்ணே, நீங்கள் அதிகம் பேச மாட்டீர்கள். ஆதி தாளத்தில், சமத்தில், அதாவது முதல் தட்டிலேயே எடுக்கும் ஒரு பாட்டைத் தொடர்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆனால் பாட்டு நகரவில்லை. "அரை இடம் தள்ளி எடுத்துப் பாரு" என்றீர்கள், அவ்வளவுதான். முதல் தட்டு வெறுமனே விழுந்து, அதற்குப் பிறகு சொல் வந்து சேர்ந்தபோது அதே ராகம், அதே வார்த்தைகள் வேறு பாட்டாகிவிட்டன. அப்புறம் அந்த மிஸ்ர சாபு தாளத்துப் பாட்டு. ஏழு எண்ணிக்கை வந்தால் போதும் என்று நான் எழுதிக் கொண்டுவர, மூன்றும் நான்குமாகப் பிரியும் நடையில் என் சொற்கள் நான்கும் மூன்றுமாகப் பிரிகின்றன என்று "தகிட தகதிமி" சொல்லிக் காட்டினீர்கள். தாளத்தை விரலால் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சொல்லுக்குள் தேட ஆரம்பித்தது அதிலிருந்துதான். என் உரைநடைக்கும் அது உதவியது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். உண்மை அண்ணே, நீளமான வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்று எனக்கு எந்த எழுத்தாளரும் சொல்லித் தரவில்லை.

வெண்பா பார்த்துக் கொடுத்த ஐயாவுக்கு. சீரும் சீரும் சேரும் தளை விதி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். ஈற்றடி முச்சீர், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்று. அத்தனையும் பிசகாமல் எழுதி அனுப்பிய ஒரு வெண்பாவின் கீழே நீங்கள் எழுதியது: "தளை தட்டவில்லை. சொல்ல வந்தது என்ன?" அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே இதெல்லாம் தேவையா என்று நான் சலித்துக்கொண்ட ஒரு நாள், தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைச் சொன்னீர்கள். தொழில் சித்த மருத்துவம். அதில் சம்பாதித்ததை இசை ஆராய்ச்சியிலும் மாநாடுகளிலும் போட்டு, 1917ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்ட மனிதர். அவரளவுக்கு நம்மால் ஆகாது, சரி. ஆனால் "நேரமில்லை" என்ற சாக்கை உங்களிடம் அதற்குப் பிறகு நான் சொன்னதே இல்லை.

எங்கள் கையெழுத்து இதழைப் படியெடுத்த தோழிக்கு. கதையைத் தட்டச்சு செய்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, கையால் படியெடுப்பவருக்குத் தெரிந்துவிடும்: எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பது. "உன் கதையில் பாட்டியும் 'ஆயினும்' என்கிறாள், பேரனும் 'ஆயினும்' என்கிறான். எனக்குக் கை வலிக்குது" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

ஒலிப்பதிவு செய்த தம்பிக்கு. 'ப'வில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் மைக்கில் குபீரென்று காற்று அடிக்க, நான் சொல்லையே மாற்றக் கிளம்பினேன். நீ மைக்கைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாய், தீர்ந்தது. பதிவின் ஒலி அளவைத் தாழ்த்தியே வை, உச்சம் தாண்டி வெட்டுப்பட்டதைப் பிறகு முழுதாக மீட்க முடியாது என்று ஒவ்வொரு முறையும் சலிக்காமல் சொன்னாய். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்ததற்கும் சேர்த்து நன்றி.

முகம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். 2000ல் வெளிவந்த ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் இல்லையென்றால் எங்கள் பதிவுகளில் முக்கால்வாசி நடந்திருக்காது. 1998ல் இணையத்தில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சம்பளம் எதுவும் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றியவர்களால்தான் சந்தம் தேடி நள்ளிரவில் திருப்புகழைப் புரட்ட முடிந்தது. தமிழ்99 விசைப்பலகையை வகுத்தவர்களுக்கும் ஒரு வணக்கம். உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று பழகிய விரல்கள் வேறு எதற்கும் மாற மறுக்கின்றன.

வீட்டாரைப் பற்றி நிறைய எழுதலாம்தான். அவர்களுக்குப் பிடிக்காது. ஒரே சரணத்தை முப்பது தடவை பொறுத்துக்கொண்டவர்களுக்கு இங்கே இது போதும், மீதியை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

தேறிய பாட்டுகளின் சுரக்குறிப்பையும் தாளக்குறிப்பையும் சுத்தமாகப் படியெடுத்து வைத்திருக்கிறேன். பாட, வாசிக்க யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். நீங்கள் திருத்திய இடங்களில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் சொன்னால் எடுத்துவிடுகிறேன். அக்கா, காபி ராகத்தில் புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். சரணத்தின் இரண்டாம் அடி இன்னும் சரியாக உட்காரவில்லை. அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வாருங்கள், பாடிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்