ஊட்டிக் குளிரில் வெளுத்த திரை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மெஷின் டிஸ்பிளே போட்டோவை ராத்திரி நாலைந்து தடவை பார்த்தேன். பேக்லைட் எரிகிறது, எழுத்து ஒன்றும் இல்லை. "டிஸ்பிளே போயிடுச்சுப்பா, புதுசு வாங்கணும்" என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. கோயம்புத்தூரில் மத்தியான வெக்கையில் கான்ட்ராஸ்ட் (எழுத்து எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பது) வைத்துவிட்டு, அதை ஊட்டி தேயிலை ஃபேக்டரியில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறாய். எனக்கு அங்கேதான் சந்தேகம். குளிர் ஏற ஏற திரைக்குள் இருக்கும் திரவப் படிகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். இங்கே போதுமாக இருந்தது அங்கே போதவில்லை. திரையை மேலும் கீழும் சாய்த்துப் பார். ஏதாவது ஒரு கோணத்தில் மங்கலாக எழுத்து தெரிந்தால் டிஸ்பிளே மாட்யூலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ முன்பு வேலை செய்த 16-க்கு 2 எழுத்து டிஸ்பிளேயில் கான்ட்ராஸ்ட்டுக்கான பின் 3-ஐக் கிட்டத்தட்ட கிரவுண்டுக்குக் கொண்டுபோனாலே எழுத்து வந்துவிடும். இது 128-க்கு 64 புள்ளி, கேஎஸ்0108 சிப் போட்டது. 64 வரிசையையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறது. ஒரு வரிசைக்கு 64-ல் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கிறது. அதனால் 5 வோல்ட் பத்தாது, கிரவுண்டுக்கும் கீழே இறங்க வேண்டும். அந்த மைனஸ் வோல்டேஜை மாட்யூலே உண்டாக்கி பின் 18-ல் தரும். பிரிசெட்டின் (திருப்புளியால் திருப்பும் சின்ன ரெசிஸ்டர்) ஒரு முனை 5 வோல்ட்டுக்கு, இன்னொரு முனை பின் 18-க்கு, நடுக்கால் கான்ட்ராஸ்ட்டுக்கான வி0 பின்னுக்கு. 10கே பிரிசெட் போதும். சில மாட்யூல்களில் மைனஸ் உண்டாக்கும் பகுதியே இருக்காது. அப்படியானால் ஒரு ஐசிஎல்7660 சிப் போட்டு மைனஸ் 5 எடுத்துக்கொள்ளலாம்.

வி0-வைக் கிரவுண்டிலிருந்து அளக்காதே. மீட்டரின் சிவப்பு முனையை 5 வோல்ட்டிலும் கறுப்பு முனையை வி0-விலும் வை. திரை பார்ப்பது அந்த வித்தியாசத்தைத்தான். எட்டரை, ஒன்பது வோல்ட் பக்கம் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும், டேட்டாஷீட்டைப் பார்த்துக்கொள். பின் 1, 2 எது பிளஸ், எது கிரவுண்ட் என்பதும் மாடலுக்கு மாடல் இடம் மாறும். அதைப் பார்க்காமல் பவர் கொடுத்துவிடாதே.

பிரிசெட்டைத் தொடுவதற்கு முன் திரையில் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளியாகக் கட்டம் வரைந்துவிடு. டிஸ்பிளேயை ஆன் செய்யும் 3எஃப் கட்டளை போகாவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் திருப்புளியை மெதுவாகத் திருப்பு. அணைந்திருக்க வேண்டிய புள்ளிகளும் லேசாகக் கறுக்கத் தொடங்கும். அங்கிருந்து கொஞ்சம் பின்னால் வா. இதை மேஜையில் குனிந்து பார்த்துச் செய்யாதே; ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் கண் உயரத்தில் பார்த்துச் செய்.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது, ஒரு கடைக்காரரின் மெஷினில் எழுத்து வரவில்லை என்று டிஸ்பிளேயைக் கழற்றிவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கினேன். பழையதை வீட்டில் வைத்துப் பிரிசெட்டைத் திருப்பியதும் பளிச்சென்று எழுதியது. மறுநாளே காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டது இன்னும் மனசில் நிற்கிறது. நீ அந்த ஃபேக்டரிக்காரரிடம் புது டிஸ்பிளேக்கு இன்னும் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

பேனலில் பிரிசெட்டுக்கு நேராக ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடு கண்ணு. மார்கழியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை அவர்களே திருப்பிக்கொள்வார்கள். அடுத்த மெஷினுக்கு எஸ்டி7565 சிப் போட்ட டிஸ்பிளே வாங்கினால் பிரிசெட்டே வேண்டாம். ஹெக்ஸில் 81 என்ற கட்டளையும் அதன் பின்னால் 0 முதல் 63 வரை ஓர் எண்ணும் அனுப்பினால் கான்ட்ராஸ்ட் மாறும். பட்டனில் வைத்துக் கொடுத்துவிடலாம்.

நாளை விடிகாலை 6 மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை கான்ட்ராஸ்ட் வை. இரண்டு நேரத்திலும் எத்தனை வோல்ட்டில் எழுத்து நன்றாக வந்தது என்று எனக்கு எழுது. பின் 18-ல் எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்த்து எழுது. காலையில் போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அப்பா