எந்தச் சர்க்கரை என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இணைப்பிதழில் வந்த 'சர்க்கரைக்கு இனி மருந்து வேண்டாம்' கட்டுரையைப் படித்தேன். நடங்கள், சோற்றைக் குறையுங்கள், எடையைக் குறையுங்கள் என்றது எல்லாம் சரிதான். எனக்கும் 18 வருடமாகச் சர்க்கரை. ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் 'டைப் 2' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு சர்க்கரை இருக்கிறது. என்னுடையது ஒன்று, 11 வயதுப் பேத்தியுடையது இன்னொன்று. பெயர்தான் ஒன்று. எனக்கு இன்சுலின் சுரக்கிறது, உடம்புதான் அதை மதிப்பதில்லை. போகப் போகச் சுரப்பும் குறையுமாம். இது டைப் 2. அவளுக்கோ, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. இதுதான் டைப் 1. மிட்டாய் தின்று வந்ததல்ல. 'தாத்தாவுக்கு இருந்தது, பேத்திக்கு வந்துவிட்டது' என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நம்பி, நானும் கொஞ்ச நாள் குமைந்துகொண்டிருந்தேன்.

ஒன்பது வயதில் திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வெயில், பரீட்சைப் பயம் என்று நாங்களே காரணம் கண்டுபிடித்தோம். வாந்தி வந்ததும் பக்கத்து டாக்டரிடம் போனோம்; வாந்திக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் மூச்சு வாங்கியது, மூச்சில் பழ வாடை. ஐ.சி.யு.வில் சேர்த்தபோது சர்க்கரை 500ஐத் தாண்டி, இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலமும் ஏறியிருந்தது. முதல் நாளே விரலில் ஒரு குத்துக் குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது தினமும் நாலு ஊசி. நான் ஒருவேளை மாத்திரையை மறந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அவள் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் ஓரிரு வருடம் தாண்டுவதே அபூர்வம்.

உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மா வந்தார். "பத்து நாள் ஊசியை நிறுத்திட்டுப் பாகற்காய்ச் சாறு கொடுத்துப் பாருங்களேன்" என்றார் மருமகளிடம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை மேல் உள்ள பாசம். போதாததற்கு அச்சில் வேறு வந்திருக்கிறது.

நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. அதில் பெரும்பாலோர் என் கட்சிதான். எங்களை நினைத்தே நீங்கள் எழுதுவதும் புரிகிறது. அதற்காக ஊசி போடுகிறவரெல்லாம் டைப் 1 என்றும் ஆகாது. எங்களிலும் பலருக்கு ஊசி உண்டு. பெரியவர்களுக்கு டைப் 1 வருவதும் உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரை இன்னொரு வகை. பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும், ஆனால் அந்தப் பெண்களுக்குப் பின்னாளில் டைப் 2 வர வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை தலைப்பிலேயே 'டைப் 2' என்று போடுங்கள். கூடவே ஒரு சின்னப் பெட்டியில், குழந்தை திடீரென்று படுக்கையை நனைத்தால், அடங்காத தாகம் எடுத்தால், இளைத்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
கும்பகோணம்.