192-க்குப் பிறகு 177

மதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த நாவலைப் பற்றி எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் பக்கங்கள் விடுபட்டிருப்பதைச் சொல்லி மூன்று மின்னஞ்சல், இரண்டு தொலைபேசி அழைப்பு ஆகிவிட்டது. கடைக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம் என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். பெங்களூரு அல்சூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். 193 முதல் 208 வரையுள்ள பக்கங்களைத் தாருங்கள்.

224 பக்க நாவல். பாரம் என்பது ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மடித்த தொகுதி; 16 பக்கம் கொண்ட பாரங்கள் 14. எங்கள் வாசக வட்டத்துக்கு வாங்கிய ஐந்து படிகளிலும் 13ஆம் பாரம் இல்லை. அந்த இடத்தில் 12ஆம் பாரமே இரண்டாம் முறை இருக்கிறது. 192ஆம் பக்கத்தைப் புரட்டினால் 177 வருகிறது.

192இல் என்ன நடக்கிறது? அக்காள் ஏரியில் மூழ்கிச் செத்ததை விபத்தென்று ஊரே நம்புகிறது. தங்கை மட்டும் நம்பாமல் திரும்பி வந்திருக்கிறாள். ஒரே மருந்துக்கடை, ஒரே காவல் நிலையம், கடைசிப் பேருந்து இரவு ஒன்பது மணிக்கு: அவ்வளவுதான் ஊர். யார் எப்போது எங்கே போனார்கள் என்பது டீக்கடைக்காரர்வரை தெரிந்த இடம். அவள் விரும்பத் தொடங்கியவனின் அலமாரியில் அக்காளின் ஒற்றைக் கொலுசு கிடைக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம். அடுத்த வரி இல்லை. 209ஆம் பக்கத்தில் இருவரும் படித்துறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காவல்துறை ஜீப் போய்விட்டது.

அவன் குற்றவாளி இல்லை என்பது 209இலேயே தெரிந்துவிடுகிறதே, பிறகென்ன என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். ஐயா, காதலும் திகிலும் ஒன்றாய்ப் பின்னிய கதையில் இரண்டு கேள்விகள் உண்டு. கொன்றது யார்? இவனை நம்பலாமா? இரண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் விடை கிடைக்கும்படி எழுதுவதுதான் இந்த வகையின் கடினமான வேலை. கொலுசு அவனிடம் எப்படி வந்தது, அதை ஏன் மறைத்தான், அவள் எந்தக் கணத்தில் அவனை நம்பத் துணிந்தாள் என்பதெல்லாம் அந்தப் பதினாறு பக்கத்தில் இருக்கிறது. மருந்துக்கடை ரசீதும் கடைசிப் பேருந்தும் 40ஆம் பக்கத்திலிருந்து சேர்த்துவைத்த தடயங்கள். அவை எதற்காக வந்தன என்பதும் அங்கேதான். எழுதியவர் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு பாரத்தில் தொலைந்துவிட்டது.

எங்கோ ஒரு பிரதியில் மட்டும் நேர்ந்த தவறு என்கிறீர்கள். அப்படி இருக்க வழியில்லை. மடித்த பாரங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கும்போது கை தவறினால் ஒரு படி கெடும். ஐந்தும் ஒரே மாதிரி கெட்டிருந்தால், 13ஆம் பாரத்தின் கட்டு இருக்க வேண்டிய இடத்தில் 12ஆம் பாரத்தின் கட்டை வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டு தீரும்வரை சேர்த்த எல்லாப் படிகளிலும் இதே குறைதான். எடை போட்டுப் பார்த்தும் பிடிக்க முடியாது. டெமி அளவில் (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில் ஒரு பாரம் ஏறத்தாழ 17 கிராம். ஒன்று குறைந்து இன்னொன்று கூடியதால் எடை மாறவில்லை.

கண்ணால் பிடிக்கலாம். ஒவ்வொரு பாரத்தின் மடிப்பு முதுகிலும் ஒரு கறுப்புக் குறி, பாரத்துக்குப் பாரம் ஒரு படி கீழே தள்ளி அச்சிட வேண்டும். சேர்த்து நிறுத்தினால் முதுகில் மாடிப்படி போல இறங்கும். ஒரு பாரம் விட்டுப்போனால் இடைவெளி. இரண்டு முறை வந்தால் ஒரே மட்டத்தில் இரண்டு குறி. முதுகைச் சுரண்டிப் பசை போட்ட பிறகு இது தெரியாது, அதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரு படிக்கு ஒரு நொடி போதும்.

கவிதைத் தொகுப்புக்கு நூல் தையலும் கெட்டி அட்டையும் தருகிறீர்கள்; தர வேண்டியதுதான். இந்த நாவல்களுக்கு மட்டும் ஜனவரிப் புத்தகக் காட்சி நெருங்கும் அவசரத்தில், பசை காயுமுன்பே ஓரம் வெட்டி அனுப்புவது ஏன்? கைமாறி மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் தாள் கழன்றுவிடுகிறது. பின்னட்டைக் குறிப்போ கொலைகாரன் குடும்பத்துக்குள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கன்னடப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்ற பெண்கள் முதன்முதலில் முழுதாய்ப் படித்து முடிக்கும் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் இந்த வகைதான். அவர்களிடம் 192க்குப் பிறகு 177ஐக் கொடுத்தால் அடுத்த புத்தகத்தைத் தொடுவார்களா?

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்தப் பதினாறு பக்கங்களின் பிடிஎஃப் கோப்பை இந்த வாரமே அனுப்புங்கள். ஏ4 தாளில் பக்கத்துக்கு இரண்டாக, இருபுறமும் அச்சிட்டால் நான்கே தாள்; நாங்களே செருகிக்கொள்கிறோம். பிறகு உங்கள் செலவில் ஐந்து நல்ல படிகள். கிடங்கில் மிச்சமிருப்பவற்றில் 192ஆம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மட்டும் விற்பனைக்கு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அல்சூர் வட்டாரத் தமிழ் வாசகர்கள்,
பெங்களூரு