அன்றிரவு கடமையில் இருந்த சிஸ்டருக்கு

கொழும்பில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் அன்றிரவு நின்ற சிஸ்டர், உங்கள் பெயர் தெரியாது. இது உங்கள் கண்ணில் படட்டும்.

27 கிழமையில் பிறந்த பிள்ளை, 900 கிராம். நுரையீரலின் காற்றறைகளைச் சுருங்கவிடாமல் வைத்திருக்கும் சர்ஃபக்டன்ட் போதுமான அளவு சுரக்கவில்லை. மூச்சுக்கு மூச்சு நெஞ்சு உள்வாங்கியது. டாக்டர் அந்தச் சர்ஃபக்டன்டையே மருந்தாக எழுதி முடிக்கும்போதே, குளிர்பெட்டியிலிருந்த குப்பி உங்கள் உள்ளங்கையில் சூடேறிக்கொண்டிருந்தது. குலுக்கினால் நுரைத்துவிடும் என்று மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினீர்கள். கிலோவுக்கு 200 மில்லிகிராம், பிள்ளையின் எடைக்கு 180 மில்லிகிராம், அது குப்பியில் 2.25 மில்லிலீற்றர், இன்னொருவரையும் சரிபார்க்கச் சொன்னீர்கள். மருந்து இறங்க வேண்டிய மூச்சுக் குழாய் உதட்டருகே எந்த அளவில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தீர்கள். ஆழம் கூடினால் மருந்து வலது நுரையீரலுக்கே போய்விடும்.

பெரிய நன்றி அதற்குப் பிறகு நடந்ததற்கு. மருந்து இறங்கியதும் நுரையீரல் சட்டென்று இளகும். மூச்சு இயந்திரத்தின் அழுத்தத்தை உடனே குறைக்காவிட்டால் காற்றுக் கசிந்து நெஞ்சறைக்குள் தேங்கலாம். ஒட்சிசன் மிகுந்தால் விழித்திரைக்குக் கேடு. நீங்கள் இன்கியுபேட்டரை விட்டு நகரவேயில்லை. இரத்த ஒட்சிசன் 95 வீதத்தைத் தாண்டும்போதெல்லாம் டாக்டரைக் கூப்பிட்டுக் குறைக்க வைத்தீர்கள். மருந்து கொடுத்த நேரத்தையும், அவசியமில்லாமல் சளி உறிஞ்ச வேண்டாம் என்பதையும் யாரும் கேட்காமலே எழுதி ஒட்டினீர்கள்.

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான், கண் பரிசோதனையும் நல்லபடி. எங்கிருந்தாலும் நல்லாயிருங்கோ சிஸ்டர்.