புனலூர் மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று சாயங்காலம் யார் கையையும் பிடிக்காமல் தார்சா (முன்தாழ்வாரம்) வரை நடந்தார். என்ன நடந்தது என்று செங்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரத்தம் கொடுக்க ராத்திரியோடு ராத்திரியாகத் திருவனந்தபுரம் வந்த தென்காசித் தம்பிகள், ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே வண்டியை விரட்டிக்கொண்டு வந்த அண்ணன், டாக்டர் மலையாளத்தில் சொன்னதை எங்களுக்குப் பொறுமையாக விளக்கிய நர்ஸ் அக்காமார், அம்மாவைக் கட்டாயப்படுத்திக் கஞ்சி குடிக்க வைத்த பக்கத்துக் கட்டில்காரர்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய எதிர்வீட்டு ஆச்சி... உங்களில் ஒருவரையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

புனலூர் மாமா செய்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாமாவும் அப்பாவும் பழகியது மீட்டர் கேஜ் என்கிற பழைய குறுகிய ரயில்பாதை காலத்தில், ஆரியங்காவு ஸ்டேஷனில். இரண்டு பேருமே ஒய்.டி.எம்.4 டீசல் ரயில் எஞ்சின் சத்தம் கேட்கப் போனவர்கள். 2010-ல் பாதையை அகலப்படுத்த செங்கோட்டை-புனலூர் ரயிலை நிறுத்தினார்கள். 2018-ல்தான் மறுபடி மலை ஏறியது. நடுவில் இருவரும் சந்திக்க சைக்கிள்தான் சாக்கு. மாமா பஸ்ஸில், சைக்கிள் வீலின் நடுவில் இருக்கும் ஹப்பையும், பின்வீல் பல்சக்கரமான ஃப்ரீவீலையும் பையில் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் தார்சாவில் உட்கார்ந்து ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டே, ஒய்.டி.எம்.4-இல் இருந்த பழைய 6 சிலிண்டர் ஆல்கோ எஞ்சினின் சத்தம் அகலப்பாதையின் பெரிய 16 சிலிண்டர் எஞ்சினுக்கு வருமா என்று பேசுவார்கள். இப்போது மேலே மின்கம்பி வந்துவிட்டது, பேச்சு மட்டும் டீசலை விட்டு நகரவில்லை.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று அவருடைய சைக்கிள் முழுக்கக் கழற்றிக் கிடந்தது. பழைய பேப்பர் மேல் வீல் நடுவில் போகிற ஆக்ஸில், அதைத் தாங்கும் கோன், பால்ஸ், பெடல் தண்டைப் பிடிக்கும் கோட்டர் பின். சாரல் நேரம் வேறு. அதை அள்ளிவைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்தச் சைக்கிளை இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஐ.சி.யு.வுக்குள் விடவில்லை. அவர் நேராக புனலூர் திரும்பவில்லை. ரயிலேறிச் செங்கோட்டை வந்து, ஆச்சியிடம் சாவி வாங்கி, தார்சாவில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்திருக்கிறார். பின் ஹப் பால்ஸைப் பக்கத்துக்கு 9 என்று எண்ணி, கிரீஸ் தடவி, தைல டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டிருக்கிறார். வலது கோன் எது, இடது எது என்று துண்டுச்சீட்டில் எழுதி நூலால் கட்டியிருந்தார். தமிழ் எழுத்து அவருக்குப் பாதிதான் வரும். 'வலது' என்பதில் மலையாள எழுத்து ஒன்று கலந்திருந்தது.

"எல்லாத்தையும் மாட்டியே வச்சிரலாமே" என்று ஆச்சி கேட்டதற்கு, "ஞான் மாட்டிட்டா அவன் வந்து என்ன செய்வான்?" என்றாராம்.

ஆச்சி போனில் இதைச் சொன்னபோதுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வாய்விட்டு அழுதேன். தைரியம் சொன்னவர்கள் நிறையப் பேர். அப்பா திரும்பி வருவார் என்று நம்பி அவருக்கு வேலை மிச்சம் வைத்தவர் மாமா ஒருவர்தான். வீட்டுக்கு வந்த மறுநாளே அப்பா அந்த டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மருந்தைவிட அது அவரை நிமிர்த்தியது என்பது என் எண்ணம்.

ஸ்பேனர் திருக இன்னும் அப்பா கையில் பலமில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் மாட்டுகிறேன். கோனை எவ்வளவு இறுக்கினால் வீல் ஆட்டமில்லாமல் சுற்றும் என்று இந்த முறை ஒழுங்காகக் கற்றுக்கொள்வேன். முன் வீலை மட்டும் உங்களுக்கு வைத்திருக்கிறோம், மாமா.

ஓணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் ரயிலில் புனலூர் வருகிறோம். அத்தையிடம் சொல்லிவிடுங்கள், அப்பாவுக்கு உப்பு பாதிதான்.